கதை கேட்பவருக்கு ஓர் இடம்

கதை எழுதப் பழகுகிறவர்களின் காதில் முதலில் விழும் விதி, 'சொல்லாதே, காட்டு' என்பது. ஒருவன் கோபக்காரன் என்று எழுதக் கூடாது. அவன் காப்பித் தம்ளரை மேசையில் வைக்கிற வேகத்தில் கோபம் தெரிய வேண்டும். பயிலரங்குகளிலும், கைப்பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் பத்திரிகை ஆசிரியர்களின் குறிப்புகளிலும் இது வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பயனுள்ள விதிதான். முதல் கதையை எழுதுகிறவர் செய்யக்கூடிய பிழைகளில் பலவற்றை இது தடுத்துவிடும். ஆனால் எல்லாக் காலத்துக்கும் எல்லா மொழிக்கும் பொதுவான உண்மை போல இதை ஓதும்போது சிக்கல் தொடங்குகிறது.

இந்த விதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெர்சி லபக் 1921இல் புனைகதையின் கைத்திறன் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹென்றி ஜேம்ஸின் நாவல்களை உச்சமாக வைத்து, ஆசிரியர் குறுக்கே வந்து பேசுவதைவிட நிகழ்ச்சிகள் வாசகர் கண்முன் தாமாக நடப்பதுபோல எழுதுவதே உயர்ந்த கலை என்று அதில் வாதிட்டார். 1936இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. அதைத் தொடர்ந்து அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கதை எழுதுவது ஒரு பாடமாயிற்று. பாடம் என்று வந்துவிட்டால் விதிகள் தேவைப்படும். லபக்கின் வாதம் விதியாகச் சுருக்கிக்கொள்ள வசதியாக இருந்தது. 1961இல் வெய்ன் பூத் இதை ஒரு முழு நூலில் மறுத்தார். ஆசிரியர் குரல் அடியோடு இல்லாத கதை கிடையாது, எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பதிலேயே அவர் பேசிவிடுகிறார் என்பது பூத்தின் வாதம். நம் பட்டறைகளில் விதி புழங்கும் அளவுக்கு அதன் மறுப்பு புழங்குவதில்லை.

தமிழில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு ஊர் போதும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல். கி. ராஜநாராயணன் 1922இல் அங்கே பிறந்தார், கு. அழகிரிசாமி 1923இல். இருவர் வீட்டுப் பேச்சும் தெலுங்கு, தெருப்பேச்சு கரிசல் தமிழ். சிறுவயதிலிருந்து நண்பர்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் இருவரும் ஒன்றாகக் கிறங்கினார்கள், ரசிகமணி டி.கே.சி.யின் ரசனை இருவரையும் தொட்டது. இடதுசாரி இயக்கத்தின் காற்று இருவர் மேலும் வீசியது. அழகிரிசாமி 1970 ஜூலையில் காலமானார். அந்த ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது, அவர் இறந்த பிறகு, 'அன்பளிப்பு' என்ற சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. 1991இல் அதே விருது கி.ரா.வின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு வந்தது.

ஒரே சாவடியின் பேச்சைக் கேட்டு வளர்ந்த இந்த இருவரில் ஒருவர் காட்டியவர், மற்றவர் சொல்லியவர். வாழ்க்கை அனுபவம்தான் எழுத்தாளரை உண்டாக்குகிறது என்றால் இவர்களுடைய உரைநடை ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. இருவரும் கற்றுக்கொண்டது வேறு வேறு. கதையைக் கேட்கும் ஆளை எழுத்துக்குள் எங்கே உட்கார வைப்பது என்ற ஒரு கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த விடைகள் வேறு. கதை எழுதக் கற்பதில் மையமான வேலை இதுதான் என்பது என் துணிபு. சொல்வதா காட்டுவதா என்ற கேள்வி இதற்குப் பின்னால் வருவது.

அழகிரிசாமியை முதலில் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர், 1940களில் சென்னைக்குப் போய்ப் பத்திரிகைக்காரர் ஆனார். 'சக்தி' இதழில் தொ.மு.சி. ரகுநாதனோடு பணிபுரிந்தார். கார்க்கியை மொழிபெயர்த்தார். கம்பராமாயணப் பதிப்புப் பணியில் ஈடுபட்டார். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். 1953இல் மலாயா போய்க் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். எழுத முனைந்த இளைஞர்களோடு கூடிக் கதைகளைப் படித்து விவாதிக்கும் வழக்கத்தையும் அங்கே வளர்த்தார். ஆக அவருடைய கல்வி அச்சோடு நடந்த கல்வி. பிறர் எழுதியதைத் திருத்துவது, பாடபேதம் பார்ப்பது, ருஷ்ய வாக்கியம் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது எது கழிந்துபோகிறது என்று கவனிப்பது. இப்படிப் பழகியவருக்கு மனக்கண்ணில் வரும் கேட்பவர், தனியே உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் ஒரு வாசகர்.

அந்த வாசகரை அவர் எவ்வளவு மதித்தார் என்பதை 'அன்பளிப்பு' கதையே காட்டுகிறது. கதைசொல்லி பத்திரிகை உலகத்தைச் சேர்ந்தவர். குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு புத்தகம் கேட்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். புத்தாண்டு டைரிகளை இருவருக்குத் தருகிறார். ஸாரங்கன் என்ற பையனுக்குக் கிடைப்பதில்லை. அவன் அழுவதில்லை, அடம்பிடிப்பதில்லை. ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு வரும்படி அழைத்துச் சிற்றுண்டி கொடுத்து உபசரிக்கிறான். பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதில் அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அவர் எழுதுகிறார். அவ்வளவுதான்.

இந்தக் கதையின் நுட்பம், சொல்கிறவர் நல்லவராக இருந்தும் கவனிக்கத் தவறுகிறவராக இருப்பதில் இருக்கிறது. தமக்குத் தெரிந்ததை அவர் முழுக்கச் சொல்லிவிடுகிறார். ஸாரங்கனின் மனத்தில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால் அதைச் சொல்லவும் முடியவில்லை. வாசகர் அவருக்கு ஓரடி முன்னால் போய்விடுகிறார். பையனின் ஏக்கம் நமக்குப் புரிந்த பிறகும் கதைசொல்லி வேறு குழந்தைகளோடு விளையாடிக்கொண்டிருப்பதால், கதை முழுதும் ஒருவித வலி நம்மிடம் மட்டும் சேர்கிறது. 'ராஜா வந்திருக்கிறார்' கதையிலும் இதே ஏற்பாடு. தீபாவளிக்கு முந்தின இரவில் ஒரு ஏழைக் குடும்பத்துத் தாய் தெருவில் கிடந்த அநாதைப் பையனை வீட்டுக்குள் சேர்த்துக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். அவன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுப் பிள்ளை தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை அடிக்கும்போது, இந்த வீட்டுச் சிறுமி தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். அவள் அதைப் போட்டிக்காகச் சொல்கிறாள்; வாசகர் கேட்பது வேறொன்று. கருணை பற்றி அழகிரிசாமி ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றாகிக் கதை தட்டையாகியிருக்கும்.

'காட்டு' என்ற விதிக்கு இதைவிட நல்ல சாட்சி தமிழில் அரிது. இனி மறுபக்கம்.

கி.ரா. பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர். விவசாயி. விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை போனவர். அவருடைய முதல் கதையாகப் பொதுவாகக் குறிப்பிடப்படும் 'மாயமான்' 1958இல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது அவர் முப்பதுகளின் நடுவைத் தாண்டியிருந்தார். நண்பர் அழகிரிசாமி அதற்குள் பல தொகுப்புகளுக்கான கதைகளை எழுதிவிட்டிருந்தார். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் கி.ரா. எதன் மூலம் எழுதப் பழகினார்? கடிதங்கள் மூலம் என்றே நினைக்கிறேன். அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் தொகுப்பாக வந்திருக்கின்றன. சங்கீதம், படித்த புத்தகம், ஊர்ச்செய்தி, மனக்கசப்பு எல்லாம் அவற்றில் ஒரே மூச்சில் வருகின்றன. டி.கே.சி.யும் பெரிய கடிதக்காரர். கவிதையை வாய்விட்டுச் சொல்லிக் காட்டி ரசிக்கவைத்தவர், அதே குரலைக் கடிதத்திலும் கொண்டுவந்தவர். கடிதம் எழுதுகிறவருக்கு எதிரில் எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறார். அந்த ஆளுக்கு எது தெரியும், எதை விளக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிப்பார் என்பது தெரிந்தே பேனா நகர்கிறது. பின்னாளில் ஜூனியர் விகடனில் கரிசல் வாழ்க்கையைப் பற்றித் தொடர் எழுதியபோது அதற்குக் 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று கி.ரா. பெயர் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கரிசல் காட்டில் கதை சொல்லப்பட்ட இடங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பருத்தி எடுக்கும் பெண்கள் நிரை பிடித்து நகரும்போது ஒருத்தி சொல்லுவாள். இரவில் கிடைக்குக் காவல் இருக்கிறவர்கள் தூக்கம் வராமல் இருக்கச் சொல்லிக்கொள்வார்கள். சாவடியில் வெயிலுக்கு ஒதுங்கினவர்கள் சொல்லுவார்கள். வீட்டில் பாட்டி. இவற்றில் எதிலும் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. 'உம்' கொட்ட வேண்டும். கொட்டுவது நின்றால் கதையும் நிற்கும். கேட்பவர் 'அப்பறம்?' என்று அவசரப்படுத்துவார், 'அதெப்படி?' என்று மறிப்பார். 'எங்க பெரியம்மா வேற மாதிரில்ல சொன்னா' என்று திருத்துவார். சொல்கிறவர் இதற்கெல்லாம் இடம் கொடுத்து வளைந்து, விட்ட இடத்துக்குத் திரும்ப வர வேண்டும். வாய்மொழிக் கதையில் பாதியைக் கேட்பவர்தான் செய்கிறார்.

இந்தக் கதையை அப்படியே எழுதித் தாளில் வைத்தால் உயிர் போய்விடும். நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகள் பலவற்றைத் தொடர்ந்து படிக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். சொன்னவரின் வார்த்தைகள் இருக்கும்; கொட்டிய 'உம்' இருக்காது. கி.ரா. இதை உணர்ந்திருந்தார். நாட்டுப்புறக் கதைகளை ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குச் சேகரித்தவர் அவர். 1980களின் இறுதியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் பொறுப்பு கொடுத்தது. மாணவர்களைக் கொண்டு புதுவை வட்டாரக் கதைகளைத் திரட்டினார். முறையான பட்டம் இல்லாத ஒருவரை அந்தப் பொறுப்பில் அமர்த்திய பல்கலைக்கழகத்தின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவருடைய சொந்தப் படைப்புகளில் நாட்டுப்புறக் கதை அப்படியே வருவது குறைவு. அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது கதையை அல்ல, கேட்பவரின் இருக்கையை.

'நாற்காலி' கதையைப் பாருங்கள். வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதர் உட்காரச் சரியான ஆசனம் இல்லை என்பதால், அந்தக் குடும்பம் நாற்காலி செய்துகொள்ள முடிவு செய்கிறது. என்ன மரம், யார் செய்வது என்று வீடே கூடிப் பேசுகிறது. நாற்காலி வந்த பிறகு பார்க்க ஊரே வருகிறது. ஆளாளுக்கு உட்கார்ந்து பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் ஊரில் யாரோ இறந்துபோக, பிணத்தைச் சார்த்தி வைக்க நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதன் பிறகு சாவு விழும்போதெல்லாம் நாற்காலி போகிறது. வீட்டில் யாருக்கும் அதில் உட்காரத் துணிவில்லை. இந்தக் கதையில் 'காட்சி' என்று சொல்லத்தக்கது கொஞ்சமே. பெரும்பகுதி சொல்லுதல். வீட்டுப் பையன் ஒருவன் 'நாங்கள்' என்று சொல்லிக்கொண்டு போகிறான். நடுவில் கிளைக்கதை வருகிறது, ஆட்களின் குணம் இரண்டு வரியில் சொல்லப்படுகிறது. பட்டறை விதிப்படி சிவப்பு மை அடிக்க வேண்டிய இடங்கள் பக்கத்துக்குப் பத்து இருக்கும். ஆனால் எங்கும் தொய்வில்லை. ஏனென்றால் ஒவ்வொரு விலகலும் கேட்பவரின் ஒரு கேள்விக்கு விடை. கதையில் வரும் மாமா யார் என்று நாம் கேட்க வாயெடுக்கும்போது மாமாவைப் பற்றி ஒரு தகவல் வந்து விழுகிறது. அந்தத் தகவல் முடியும் இடத்தில் சிரிப்பு வருகிறது. சிரித்து ஓயும்போது கதை நகர்ந்திருக்கிறது. எழுதப்படாத 'உம்'களுக்கு இடைவெளி விட்டு எழுதப்பட்ட உரைநடை இது.

ருஷ்ய விமர்சகர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள்: ஸ்காஸ். வாய்ப்பேச்சின் தொனி, தயக்கம், வட்டாரச் சொல் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கதைசொல்லியை எழுத்தில் உருவாக்கும் முறை. கோகலின் 'மேல்கோட்டு' எப்படி ஆக்கப்பட்டிருக்கிறது என்று போரிஸ் ஐகன்பாம் 1919இல் எழுதிய கட்டுரை, அந்தக் கதையின் வலு நிகழ்ச்சிகளைவிடச் சொல்லும் குரலின் நடிப்பில் இருப்பதாகக் காட்டியது. லெஸ்கோவை முன்வைத்து வால்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லியைப் பற்றி எழுதினார். கதை கேட்கிறவர் சொல்கிறவரின் துணையில் இருக்கிறார், நாவல் படிக்கிறவரோ தனிமையில் இருக்கிறார் என்ற வேறுபாட்டை அவர் வற்புறுத்தினார். கதைசொல்லியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று வருந்தினார். அதே 1936தான் அயோவா பட்டறை தொடங்கிய ஆண்டும். பெஞ்சமினின் கட்டுரை எனக்கு மிகப் பிடித்தமானது. இருந்தாலும் இடைசெவலை வைத்துப் பார்க்கும்போது அவருடைய முடிவு முழுதாகப் பொருந்தவில்லை. தனிமையில் படிக்கும் வாசகருக்கும் துணை தரலாம் என்று கி.ரா. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக் காட்டினார்.

கேட்பவர் இல்லாத கதை என்ன ஆகும் என்று ஏ.கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் உள்ள ஒரு தமிழ்க் கதை சொல்கிறது. மகன்களும் மருமகள்களும் கொடுமைப்படுத்தும் ஒரு கிழவி தன் துயரத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறாள். உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. ஒருநாள் ஆளில்லாத பாழடைந்த வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது. அடுத்த சுவரிடம் அவன் மனைவியைப் பற்றி. அதுவும் விழுகிறது. நாலு சுவரும் விழுந்தபோது அவள் உடம்பு இளைத்து லேசாகி நிற்கிறாள். பெண்களின் கதைகளைப் பற்றி நிறைய யோசித்தவர் ராமானுஜன். திண்ணையில் ஊருக்குச் சொல்லப்படும் கதை வேறு, அடுக்களையில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை வேறு என்று பிரித்துப் பார்த்தார். அந்தக் கிழவிக்குத் திண்ணையும் இல்லை, அடுக்களையும் இல்லை. அதனால் சுவர் வேண்டியிருந்தது. எழுதத் தொடங்கும் பலருடைய முதல் கதைகள் இந்தச் சுவரிடம் சொல்லப்பட்டவைதான். அவற்றில் துயரம் உண்மையாக இருக்கும், கேட்கிறவருக்கு இடம் இருக்காது.

'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தபோது கி.ரா. இந்தச் சிக்கலை நேரடியாகவே கையில் எடுத்தார். தெலுங்குப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டுத் தெற்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதை அது. ஒரு பரம்பரையின் இடப்பெயர்ச்சியை யார் வாயால் சொல்வது? வரலாற்று ஆசிரியரின் குரலில் சொன்னால் நம்ப முடியும், நெருங்க முடியாது. அவர் மங்கத்தாயாரு அம்மாளைப் படைத்தார். நூறு வயதைத் தாண்டிய மூதாட்டி. அவளைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. சென்னாதேவியின் அழகும், அவளைக் காப்பாற்ற எல்லோரும் ஊரைவிட்டு இரவோடு இரவாக வெளியேறியதும், பின்னால் துரத்தி வந்தவர்களும், குறுக்கே வந்த ஆறும், அதைக் கடக்க மரம் வளைந்து கொடுத்த அதிசயமும் அவள் வாயிலிருந்து வருகின்றன. மரம் வளைந்தது உண்மையா என்று நாவல் விவாதிக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற பேரப்பிள்ளைகள் நம்புகிறார்கள். அவர்கள் நடுவில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். வரலாற்றுக்கும் புராணத்துக்கும் இடையில் கி.ரா. போட்ட பாலம் கேட்பவர்களால் ஆனது.

மூதாட்டி பேசாத பகுதிகளில் ஆசிரியரே அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். ஊராரின் பட்டப்பெயர்கள் எப்படி வந்தன, தீவட்டிக் கொள்ளைக்காரர்களை ஊர் எப்படிச் சமாளித்தது, வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது என்ன நடந்தது, கும்பினி ஆட்சி போய் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வந்த செய்தியை ஊர் எப்படி வாங்கிக்கொண்டது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டும் கதைப்பின்னல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நாவல் வடிவம் இல்லை என்று இதைக் குறையாகச் சொல்லக்கூடும். சாவடியில் இரவு முழுதும் நடக்கும் பேச்சுக்குப் பின்னல் எதற்கு? ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் நினைவின் ஒழுங்கே அதன் வடிவம்.

கி.ரா.வுக்குக் காட்டவும் தெரியும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநீதி செய்தவனாவேன். 'கதவு' தமிழின் மிகக் கறாரான சிறுகதைகளில் ஒன்று. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவையே பஸ்ஸாக்கி ஆடுகிறார்கள். தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி மகிழ்கிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். தகப்பன் கூலி தேடி மணிமுத்தாறு போயிருக்கிறான். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. சாவடிக்குப் பின்னால் கதவைக் கண்டுபிடித்து அதைப் பிள்ளைகள் கட்டிப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஆசிரியர் வாயே திறப்பதில்லை. அழகிரிசாமி எழுதிய கதை என்று சொன்னால்கூட நம்பலாம். 'கன்னிமை' கதையிலோ இரண்டையும் இணைத்தார். கல்யாணத்துக்கு முன் வாரி வழங்கிய நாச்சியாரம்மாவைச் சகோதரன் சொல்கிறான். கல்யாணத்துக்குப் பின் காசுக் கணக்குப் பார்க்கும் நாச்சியாரம்மாவைக் கணவன் சொல்கிறான். அவள் ஏன் மாறினாள் என்று இருவருக்கும் தெரியாது. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு ஆண்களின் வாக்குமூலங்களுக்கு நடுவில் விடப்பட்ட அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுதும் கிடக்கிறது. சொல்லுதலை இரண்டாகப் பிளந்ததால் கிடைத்த காட்டுதல் இது. எந்தக் கருவி எப்போது வேண்டும் என்று அறிந்தவரே விதியை உதற முடியும். எழுதப் பழகுகிறவர்கள் கி.ரா.வின் வழக்குச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த அறிவை விட்டுவிட்டால், கிடைப்பது எழுத்தில் போட்ட வேஷமாகவே இருக்கும்.

வழக்குச் சொல் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1982இல் கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். மொழியியல் படித்தவர் அல்ல. தம் பகுதி மக்கள் வாயில் புழங்கிய சொற்களையும் சொலவடைகளையும் கூட இருந்தவர்களின் உதவியோடு சேகரித்தார். இதை மொழிக்குச் செய்த தொண்டு என்று மட்டும் பாராட்டுவது வழக்கம். எழுத்தாளர் என்ற முறையில் அவருக்கு அது என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத உட்காரும்போது அந்தச் சொல் தெரியாத ஒருவரை எதிரில் நிறுத்தியாக வேண்டும். ஊர்க்காரனுக்குச் சொல்வதற்கும் அயலூரானுக்குச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அங்கே கூர்மையாகிறது. கி.ரா.வின் பிந்தைய உரைநடையில் ஒரு கரிசல் சொல் வந்தால் அதன் பொருளும் பக்கத்திலேயே, விளக்கம் போலத் தெரியாமல், பேச்சோடு பேச்சாக வந்துவிடுவதை வாசகர் கவனிக்கலாம். அவருடைய கேட்பவர் வட்டம் இடைசெவலிலிருந்து சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விரிந்ததன் தடயம் அது.

ஆனால் எந்த இருக்கைக்கும் ஒரு கோணம் உண்டு. மங்கத்தாயாரு அம்மாள் பேசுவது நிலத்தைத் திருத்தி நிலவுடைமை பெற்ற குடும்பத்தின் வீட்டுக்குள். கேட்கிறவர்கள் அவளுடைய மக்கள், பேரர்கள். தனியே வந்த கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காகக் கொன்றவனைக் கழுவேற்ற ஊர் முடிவெடுக்கும்போது அந்த முடிவு யாருடைய முற்றத்தில் எடுக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரிகிறது. அதே மண்ணில் வேறு தெருவில் இருந்தவர்கள் அந்த வட்டத்தில் உட்கார்ந்து 'உம்' கொட்டியவர்கள் அல்லர். இதைக் கி.ரா.வின் குற்றமாக நான் வைக்கவில்லை; அவர் தமக்குத் தெரிந்த முற்றத்தை முழு உண்மையோடு எழுதினார். ஆனால் அந்த எல்லையை எல்லை என்று குறிக்காவிட்டால் கரிசல் இலக்கியம் பற்றிய நம் பேச்சு அரைகுறையாகிவிடும்.

அந்த எல்லைக்கு வெளியிலிருந்து பூமணி வந்தார். அவருடைய முதல் நாவல் 'பிறகு' 1979இல் வெளியாயிற்று. செருப்புத் தைக்கும் அழகிரியின் குடும்பத்தையும் அவனைச் சுற்றியுள்ள சக்கிலியக் குடியையும், நாடு விடுதலை பெற்றதையொட்டிய காலத்தில் வைத்துச் சொல்லும் நாவல். அதே கரிசல், அதே பேச்சு, அதே மானாவாரி வெள்ளாமை. கி.ரா.வின் அரட்டையடிக்கும் கதைசொல்லி மட்டும் இல்லை. பூமணி அவரை எழுப்பி அனுப்பிவிட்டார். பெரும்பகுதி உரையாடல். ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்கிறார்; விளக்கம் கிடையாது, விலகல் கிடையாது, வாசகரைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகை கிடையாது. 1982இல் வந்த 'வெக்கை'யில் இது இன்னும் இறுகிற்று. கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காடுமேடாகத் திரியும் பதினைந்து வயதுப் பையனின் கதையில், கேட்பவர் அந்த இருவருக்குள்ளேயே இருக்கிறார். தகப்பன் மகனிடம் பேசுகிறான், மகன் தகப்பனிடம் பேசுகிறான். நாம் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கிறோம். 2019இல் 'அசுரன்' திரைப்படமாகப் பலருக்கும் தெரியவந்த கதைதான். ஆனால் நாவலின் தணிந்த குரலைத் தெரிந்துகொள்ள நாவலைத்தான் படிக்க வேண்டும். இந்த ஒதுக்கத்தை வெறும் 'காட்டுதல்' என்று ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. நெடுங்காலம் பிறர் முற்றத்தில் உட்கார அனுமதிக்கப்படாத மக்களின் கதையை, கேட்கும் உரிமை தனக்கு இயல்பாக உண்டு என்று நினைக்கும் வாசகரிடம் எப்படிச் சொல்வது? விளக்கம் சொன்னால் கெஞ்சுவது போலாகும். பூமணி விளக்கவில்லை. வடிவம் பற்றிய தீர்மானமும் சமூகம் பற்றிய தீர்மானமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

1984இல் கி.ரா. 'கரிசல் கதைகள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்து அந்த வட்டாரத்தின் இளைய எழுத்தாளர்களுக்கும் இடம் கொடுத்தார். தம்முடைய நடையைப் பின்பற்றுகிறவர்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து பின்னால் வந்த ச. தமிழ்ச்செல்வனும் கோணங்கியும் சோ. தருமனும் ஒருவரைப் போல ஒருவர் எழுதவே இல்லை. கோணங்கி தனிமையில் படிக்கும் வாசகரையும் திணறடிக்கும் அடர்ந்த மொழிக்குப் போனார். தமிழ்ச்செல்வன் எளிய வீடுகளின் சிறு அசைவுகளைச் சிக்கனமாக எழுதி, பிறகு கட்டுரையிலும் அறிவொளி இயக்கத்திலும் மக்களிடம் நேரடியாகப் பேசப் போனார். ஒரு சிறு நகரத்தைச் சுற்றி இத்தனை வகையான உரைநடைகள் முளைத்ததை மண்ணின் வளம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அவர்கள் ஒருவரை ஒருவர் படித்தார்கள், திட்டினார்கள், இரவெல்லாம் பேசினார்கள் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். அவரவர் கதைக்கு முதலில் காது கொடுத்தவர்கள் அவர்களே.

சோ. தருமனின் 'சூல்' 2016இல் வந்தது. 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடி கண்மாயைச் சுற்றிச் சுழலும் நாவல். அதில் கதைசொல்லி மறுபடி வாய் திறக்கிறார். கிளைக்கதைகள் வருகின்றன, பேய்கள் வருகின்றன, தெய்வமாகிப்போன மனிதர்கள் வருகிறார்கள். கி.ரா.வின் பக்கம் திரும்பியது போலத் தோன்றும். ஆனால் இருக்கையில் இருப்பது வேறு ஆள். கி.ரா. சொன்னபோது கேட்டவருக்குக் கண்மாய் தெரியும். மடை எங்கே இருக்கும், கலிங்கு எதற்கு, தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சியின் வேலை என்ன என்று கேட்டு அறிய வேண்டியதில்லை. 'சூல்' எழுதப்பட்ட காலத்தில் கண்மாய் தூர்ந்து, அந்த வேலையும் அந்தச் சொற்களும் கேட்பவரின் நினைவிலிருந்தே போய்விட்டன. கோவில்பட்டியிலேயே வளர்ந்த கல்லூரி மாணவருக்கும் மடைக்குடும்பன் யார் என்று சொல்லித்தான் தர வேண்டியிருக்கிறது. அதனால் தருமன் ஒவ்வொன்றையும் நின்று, பெயர் சொல்லி, எதற்கு என்று சொல்லி, அது நின்றுபோன விதத்தையும் சொல்லிக்கொண்டு போகிறார். கண்மாய்க் கரையிலேயே பிறந்துவிட்டு அதைப் பார்க்காமல் வளர்ந்த ஒருவருக்காக எழுதப்படும் உரைநடையின் நிதானம் அது.